ரிப்பன் கட்டிய குளிர்ப்பெட்டி

பெட்டியக்காவுக்குக் கோபம் வந்தால் அந்த ஆஸ்பத்திரியின் ஐந்து மாடியிலும் லிஃப்ட் தானாகவே வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் என்பார்கள். இது கொஞ்சம் மிகைதான். நான்கு மாடியில் மட்டும்தான் அப்படி நடக்கும். ஐந்தாவது மாடிக்கு லிஃப்ட் எதற்காகவும் போனதில்லை.

அவள் அறுவை அரங்கின் மூத்த டெக்னீஷியன். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் மனசு வைத்து இதயத்தைக் கொடுத்தால், டாக்டரோடு போய், அதைப் பைக்குள் பையாக மூன்று பையில் கட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. பதினோரு வருஷத்தில் அறுபத்துமூன்று இதயங்கள். "கட்டினவருக்குக்கூட என் கையில இதயத்தைக் குடுக்கத் தோணல. முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாம் குடுத்துட்டுப் போறாங்க" என்பாள், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் போன் வந்தது. இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓர் இதயம். ரத்த வகை, எடை, எல்லாமே மூன்றாவது மாடித் தபால்காரருக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது. தபால்காரர் நான்கு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். அவருடைய சொந்த இதயம், இரண்டு படி ஏறினால் மூன்று நாள் லீவு கேட்கும் நிலைக்கு வந்திருந்தது. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அக்காவைப் பார்த்தால் தினமும் ஒரே கேள்விதான்.

"அக்கா, எனக்கு ஏதாவது பார்சல் வந்திருக்கா?"

"இருபது வருஷமா வீடு வீடா கொண்டுபோய்க் குடுத்தீங்க. உங்களுக்கு வராமப் போயிடுமா?"

"வந்தா தூக்கிப் போடாம கொண்டு வாங்க. நாங்க எப்படித் தூக்கிப் போடுவோம்னு எனக்குத்தான் தெரியும்."

போனை வைத்ததும் அக்கா நேராகக் கீழே வரவேற்புக் கூடத்துக்கு ஓடினாள். அங்கேதான், கண்ணாடி அலமாரிக்குள், விளக்கு வெளிச்சத்தில், இடுப்பில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு புதுமணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது புதிய குளிர்ப்பெட்டி. மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தது.

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும். பழைய முறை ஐஸ் பெட்டி. மீன்கடையில் இருப்பதன் சுத்தமான தம்பி, அவ்வளவுதான். உடம்பை விட்டு வந்த இதயத்துக்கு நாலிலிருந்து எட்டு டிகிரி வரை இதமான குளிர். சூடு ஏறினால் அழுக ஆரம்பிக்கும். ரொம்ப இறங்கினால் சதை உறைந்துவிடும், அப்புறம் யார் கெஞ்சினாலும் துடிக்காது. ஐஸ் பெட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஐஸ் மட்டும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அறுபத்துமூன்றாவது இதயம் வந்தது, தையற்கடை வைத்திருந்த ஓர் அம்மாவுக்காக. கிளம்பும்போது பெரிய டாக்டர் போனில், "வெயில் ஜாஸ்தியா இருக்கு, நிறையப் போடு" என்றார். அக்கா இரண்டு அள்ளு கூடப் போட்டாள். தன் கையாலேயே போட்டாள். இங்கே வந்து திறந்தபோது பைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இதயத்தின் ஒரு பக்கம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. தையற்கடை அம்மா இரண்டு நாள் இயந்திரத்தின் தயவில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. டீ குடித்தது. நிர்வாகி தன் முத்துமுத்தான கையெழுத்தில் ஒரே வரி எழுதினார்: 'நோயாளியின் உடல், புதிய உறுப்பை ஏற்கவில்லை.'

அதைக் கேட்டுவிட்டு அந்த அம்மாவின் புருஷன் அக்காவிடம் வந்து நின்றார். "அவ எதையுமே ஏத்துக்காம இருந்ததில்லீங்களே. என்னையே ஏத்துக்கிட்டா. உடம்பு மட்டும் எப்படிங்க ஏத்துக்காமப் போச்சு?" என்றார். அக்காவுக்குப் பதில் தெரியும். வாய் வரவில்லை. அன்றைக்கு உள்ளே போன கோபம்தான் இன்றுவரை இறங்கவில்லை. அதில் பாதி நிர்வாகி மேல், மீதிப் பாதி அந்த இரண்டு அள்ளின் மேல்.

அதற்கப்புறம் நான்கு மாதம் மனு எழுதி, சண்டை போட்டு, பெரிய டாக்டரின் அறைக்கதவைத் தட்டித் தட்டிப் பெயின்ட் உதிர வைத்து வாங்கிய பெட்டி இது. ஐஸே வேண்டாம். பக்கத்துக்கு இரண்டாக எட்டுக் குளிர்ப்பாளங்கள், ஐந்து டிகிரியில் மெல்ல உருகிக் குளிரைப் பிடித்து வைக்கும் தட்டுகள். மூடியில் ஒரு சின்னத் திரை, உள்ளே எத்தனை டிகிரி என்று நொடிக்கு நொடி காட்டும். சேர்மன் வெள்ளிக்கிழமை வந்து ரிப்பன் வெட்டுவதற்காகக் காத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க அக்கா" என்றார் நிர்வாகி.

"அந்த இதயத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்றீங்களா சார்? மூணே நாள், கொஞ்சம் பொறுத்துக்கன்னு?"

"அழைப்பிதழ் அடிச்சாச்சு. சேர்மன் கையால திறக்கப்போறது. பழைய பெட்டி இருக்குல்ல? அறுபத்திரண்டு தடவை நல்லாத்தானே கொண்டு வந்துச்சு?"

"அறுபத்துமூணாவது தடவை என்ன கொண்டு வந்துச்சு? நீங்கதானே எழுதினீங்க, அழகா!"

வரவேற்பில் காத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் வியாதியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சட்டைப்பையிலிருந்து கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். அலமாரிக் கதவின் இடுக்கில் நுழைத்தாள். நறுக். ரிப்பன் இரண்டாகி விழுந்தது. யாரோ பழக்கதோஷத்தில் கை தட்டிவிட்டார்கள்.

"திறப்பு விழா முடிஞ்சது. சாவியா, நாற்காலியா? நீங்களே சொல்லுங்க" என்று பக்கத்திலிருந்த இரும்பு நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

நிர்வாகி சாவியைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, "அப்ப நானும் வருவேன். விழா முடியற வரைக்கும் இது என் பொறுப்பு. பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார்.

"வாங்க. வண்டியில இடம் இருக்கு. வாயை மட்டும் இங்கயே வெச்சுட்டு வாங்க."

பெட்டியைத் திறந்தாள். உள்ளே பாளங்களுக்கான எட்டு இடமும் பல் கொட்டின வாய் மாதிரி காலியாக இருந்தன.

"பாளம் எங்க?"

நிர்வாகியின் முகம் மலர்ந்தது. "என் ரூம் ஃப்ரீசர்ல. மூணு வாரமா வெச்சிருக்கேன். சேர்மன் தொட்டுப் பாத்தா கை ஜிவ்வுனு ஆக வேண்டாமா?"

அக்கா பெட்டியின் மூடியை மெல்லச் சாத்தினாள். அவள் அவ்வளவு மெல்லச் சாத்தியதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் பயம் வந்தது.

"அதை ஃப்ரீசர்ல வெக்கக் கூடாது சார். சாதாரண ஃப்ரிட்ஜ்ல, நாலு டிகிரியில வெக்கணும். பெட்டியோட வந்த தாள்ல முதல் வரியே அதுதான்."

"ஜாஸ்தி குளிர்ச்சியா இருந்தா நல்லதுதானே அக்கா?"

நிறையப் போடு என்று பெரிய டாக்டர் சொன்னபோது அக்காவின் மனசிலும் ஓடியது இதே வாக்கியம்தான். அதனால்தான் அவளுக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லது! ரொம்ப நல்லது! மைனஸ் பதினெட்டு! அந்த இதயத்தைக் கொண்டுவந்து உங்க டேபிள்ல பேப்பர் பறக்காம இருக்க வெச்சுக்கலாம், அவ்வளவு கெட்டியா இருக்கும்!"

வெந்நீரில் போடலாமா என்றால், உருகிவிடும். உருகினால் பாளம் செத்தது. சும்மா காற்றில் வைத்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் யாரிடமும் இல்லை, தபால்காரரிடம் நிச்சயமாக இல்லை. அக்கா பாளங்களை அள்ளிக்கொண்டு, ஒரு கட்டுத் துண்டுகளையும் ஒரு வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"ஆளுக்கு ரெண்டு. துண்டுல சுத்தி உடம்போட அணைச்சுக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாத்தணும். உடம்புச் சூட்டுல மெல்ல மெல்ல ஏறி, போய்ச் சேரும்போது நாலு டிகிரிக்கு வரணும். அதுக்கு மேலயும் கூடாது, கீழயும் கூடாது."

சின்ன டாக்டர் மறுபேச்சில்லாமல் இரண்டை அக்குளில் செருகிக்கொண்டார். அவருக்கு நாற்பத்தெட்டு வயசு. பெரிய டாக்டர் ஓய்வு பெறும்வரை அவர் சின்னவர்தான். ஓட்டுநர், "எனக்கு ஒண்ணு போதும் அக்கா. பிரேக் மிதிக்கிற கால் உறைஞ்சுபோச்சுன்னா நம்ம நாலு பேர் இதயமும் சேர்ந்து நின்னுரும்" என்று ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். மீதி மூன்று நிர்வாகிக்கு.

"துண்டு வேணாம். எனக்குக் குளிரே தெரியாது" என்றார் நிர்வாகி. கூடத்தில் போன மானத்தில் கொஞ்சத்தையாவது வண்டியில் மீட்டுவிடலாம் என்று நினைத்தார் போல. இரண்டைத் தொடைக்கடியில் வைத்தார். ஒன்றைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அழுத்திக்கொண்டார்.

"துண்டு சுத்துங்க சார்."

"தேவையில்ல."

"சார், சொல்றேன்ல?"

"நான் பாத்துக்கறேன்."

அக்கா மூன்றாவது தடவை சொல்லவில்லை. அவளுக்கு இருந்த கோபத்துக்கு இரண்டு தடவையே தர்மம்.

வண்டி சைரனோடு பறந்தது. ஓட்டுநர் ஓட்டிய வேகத்தில் வழியிலிருந்த மைல்கற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விலகின. அக்கா வெப்பமானியைப் பாளம் பாளமாக வைத்துப் பார்த்தாள். மைனஸ் பதினொன்று. மைனஸ் எட்டு. சின்ன டாக்டரின் பற்கள் தந்தியடித்தன. நிர்வாகி மட்டும் அசையாமல் புன்னகையோடு இருந்தார்.

"பாத்தீங்களா? முதல்ல கொஞ்சம் எரிஞ்சுது. இப்ப வலியே இல்ல."

அக்கா சட்டென்று திரும்பினாள். "வலி இல்லையா? சட்டையைத் தூக்குங்க."

"என்னக்கா நீங்க, டாக்டர் முன்னால…"

"தூக்குங்க சார்!"

தூக்கினார். பாளத்தைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து, மெழுகு மாதிரி ஒரு பளபளப்போடு இருந்தது. அக்காவுக்கு அந்த நிறம் தெரியும். ஏழு மாதமாகக் கண்ணை மூடினால் வந்து நின்ற நிறம்.

"வலிக்காதுதான். உறைஞ்ச சதைக்கு வலி தெரியாது" என்றாள். குரல் இறங்கியிருந்தது. இறங்கின குரல்தான் அதிகம் சுட்டது. "கால் மணி நேரம், சார். உங்களுக்கு உள்ள ரத்தம் ஓடுது, சூடு இருக்கு, கத்த வாய் இருக்கு. அது மூணரை மணி நேரம் ஐஸுக்குள்ள கிடந்துச்சு. ரத்தம் கிடையாது, வாயும் கிடையாது. அதைத்தான் நீங்க, உடம்பு ஏத்துக்கலன்னு எழுதினீங்க."

நிர்வாகி தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் உணர்ச்சி திரும்பியது. திரும்பியபோது அவர் போட்ட சத்தத்தில் முன்னால் போன பேருந்து ஒன்று இது வேறு சைரன் என்று நினைத்து இன்னும் ஒருமுறை ஒதுங்கி வழிவிட்டது. ஆனாலும் மனுஷன் மற்ற இரண்டு பாளங்களைக் கீழே வைக்கவில்லை. துண்டு கேட்டு வாங்கிச் சுற்றி, பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவரே, "மாத்தலாமா அக்கா?" என்று கேட்டார்.

போய்ச் சேர்ந்தபோது ஆறு பாளம் நாலு டிகிரி, இரண்டு மூன்றரை. அறுவை நடக்கும் நேரத்தில் அந்த இரண்டும் சரியாகிவிடும்.

அந்த ஆஸ்பத்திரியின் நடையில் ஒரு குடும்பம் சுவரோரமாக நின்றிருந்தது. காலிப் பெட்டியோடு அவர்களைத் தாண்டிப் போகும்போது அக்கா எப்போதும் போல் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுடைய கோபம் வாசலிலேயே நின்றுவிடும் ஒரே இடம் அதுதான்.

ஒன்று இருபதுக்கு இதயத்தை நிறுத்தும் மருந்து உள்ளே போனது. அறுபத்துநாலாவது இதயம் அக்காவின் கைக்கு வந்தது. பைக்குள் பையாக மூன்று பை. பெட்டிக்குள் வைத்து மூடப் போன நேரத்தில், அந்த அரங்கின் உதவியாள் நல்ல மனசோடு வாளி நிறைய ஐஸ் தூக்கிக்கொண்டு வந்தார். "வெளிய வெயில் கொளுத்துது. மேல கொஞ்சம் போட்டுக்குங்க. எதுக்கும் இருக்கட்டும்."

அக்காவின் இரண்டு கையும் பெட்டிக்குள் இருந்தன. சின்ன டாக்டர் தையலில் இருந்தார். வாளி சாய்ந்தது.

"ஐஸ் வேண்டாம்!"

கதவருகில் தொளதொள அரங்கு உடையில் நின்ற நிர்வாகிதான். பாய்ந்து வந்து வாளியின் முன்னால் நின்றார். "ஒரு துண்டு கூட உள்ள போகக் கூடாது! என்ன பண்ணும்னு பாக்கணுமா? இதோ பாரு!" என்று உடையைத் தூக்கி வயிற்றுக் கட்டைக் காட்டினார். உதவியாள் வாளியோடு பின்வாங்கி, போகிற வழியில் இரண்டு பேரிடம், வெளியூரிலிருந்து ஒரு பைத்தியம் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் செங்கல் லாரி ஒன்று சாலையின் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. சைரன் என்ன கத்தினாலும் செங்கல்லுக்குக் காது கிடையாது. ஓட்டுநர் இறங்கிப்போய் ஆள் சேர்த்துக் கற்களை ஒதுக்கினார். முழுசாக முக்கால் மணி நேரம் போனது. சின்ன டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பழைய பெட்டியாக இருந்தால் இந்நேரம் ஐஸ் கடிக்க ஆரம்பித்திருக்கும். நிர்வாகி மூடியின் திரைக்கு முன்னால் மண்டியிட்டு, பந்தயத்தில் கடைசி ஓட்டத்தை எண்ணுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

"அஞ்சு புள்ளி நாலு. அஞ்சு புள்ளி நாலு. அக்கா, அஞ்சுக்கு இறங்கிடுச்சு!"

"அது ஏறும் இறங்கும். மூச்சு விடுங்க சார்."

"அஞ்சு புள்ளி ரெண்டு."

"ம்."

நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பெரிய டாக்டர் தயாராக நின்றார். பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இதயம் மென்மையாக, ஈரமாக, தன் நிறத்தில் இருந்தது. ஒரு மணி நேரத் தையல். ஐந்தரைக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டார்கள்.

இதயம் சும்மா கிடந்தது.

பத்து நொடி. இருபது நொடி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளுக்குள் அதைத் திட்டினாள். 'எத்தனை பேர் வயித்தை உறைய வெச்சுட்டு வந்திருக்க. துடிச்சுத் தொலை.' ஒரு மூலையில் லேசாகச் சிலிர்த்தது. அப்புறம் மொத்தமாக ஒரு சுருக்கம். நின்றது. மறுபடியும் ஒன்று. அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

மறுநாள் தொண்டையில் விட்டிருந்த சுவாசக் குழாயை எடுத்ததும் தபால்காரர் கிசுகிசுத்தார். "அக்கா… பார்சல் அடிபடாம வந்துச்சா?"

"ரிப்பன் கட்டித்தான் இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன்."

வெள்ளிக்கிழமை சேர்மன் வந்தார். வெட்ட ரிப்பன் இல்லாததால் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் கார் வெளியே போனதும் நிர்வாகி ஒரு பழைய கோப்போடு அக்காவின் அறைக்கு வந்தார். விசாரணைக் குழுவின் கோப்பு. அந்த ஒரு வரியை அடித்து, கீழே முத்துமுத்தாக எழுதியிருந்தார்: 'பனிக்கட்டியின் அளவுமீறிய குளிரால் இதயம் உறைந்து சேதமடைந்தது. நோயாளியின் உடலில் குறை எதுவும் இல்லை.'

அக்கா இரண்டு தடவை படித்தாள். அவள் முகம் தணியும் என்று எதிர்பார்த்து நின்றார் நிர்வாகி. தணியவில்லை.

"ஐஸ் தானா நடந்துபோய்ப் பெட்டிக்குள்ள உக்காந்துக்கிச்சா? யார் போட்டதுன்னு எழுதுங்க."

"அக்கா, அது வேணாமே. பெரிய டாக்டர் சொல்லித்தானே நீங்க…"

"அவர் சொன்னார்னு எழுதுங்க. நான் போட்டேன்னும் எழுதுங்க. ரெண்டு அள்ளு கூட. அப்புறம், மறைச்சது யாருன்னும் எழுதுங்க. அதுக்கும் இடம் இருக்கு, கீழ."

நிர்வாகி நின்றபடியே எழுதினார். கடைசி வரிக்கு மட்டும் நாற்காலியை இழுத்து உட்கார வேண்டியிருந்தது.

"இப்ப எந்திரிங்க. போகலாம்" என்றாள் அக்கா.

"எங்க?"

"அந்தம்மா வீட்டுக்காரர் கோப்பு படிச்சுத் தெரிஞ்சுக்கவா போறார்?"

தையற்கடை திறந்துதான் இருந்தது. இரண்டு இயந்திரத்தில் ஒன்று துணி போட்டு மூடியிருந்தது. இன்னொன்றில் அந்த அம்மாவின் புருஷன் ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நிர்வாகியின் சட்டை கட்டின் மேல் புடைத்துக்கொண்டு நின்றதைக் கவனித்து, "அளவு எடுக்கணுங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றாள் அக்கா. "அவங்க உடம்பு ஏத்துக்காமப் போகல. நாங்க கொண்டுவந்த இதயம் உறைஞ்சுபோய் இருந்துச்சு. ஐஸ் போட்டது நான். அதை மறைச்சு எழுதினது இவர். சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

இயந்திரம் நின்றது. அவர் காலரிலிருந்து ஊசியை மெல்ல விடுவித்தார்.

"அப்ப அவ ஏத்துக்கிட்டாளா?"

"ஏத்துக்கிட்டாங்க. எங்களால அதைக் காப்பாத்த முடியல."

அவர் எழுந்தார். ஏழு மாதமாகத் தன் பெண்டாட்டியின் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டு படுத்தெழுந்த மனுஷன். கத்தரிக்கோல், அளவு நாடா, பள்ளிச் சட்டை எல்லாம் தரையில் விழ, கத்த ஆரம்பித்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார்.

"விடுங்க அவரை" என்றாள் பெட்டியக்கா. "கத்தட்டும்."

நிர்வாகி ஓரடி பின்னால் நகரப் பார்த்தார். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.